விலை உயர்ந்த சுருட்டு ஏன் கசக்கிறது?

கேள்வி: மைத்துனர் துபாயிலிருந்து கோஹிபா ரொபஸ்டோ என்ற கியூபா சுருட்டு ஒன்று வாங்கி வந்தார். காபி, கோகோ, தேன் என்று பல ருசி வரும் என்றார். எனக்குத் தொண்டைக் காரலும் கசப்பும்தான் தெரிந்தன. என் நாக்கில் குறையா? (மதுரை வாசகர்)

பதில்: நாக்கில் குறை இருக்காது, வேகமாக இழுத்திருப்பீர்கள். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலின் சுருட்டுக் கவுண்டரில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட புகார் இது. சிகரெட் பழக்கத்தில் விடாமல் இழுத்தால் நுனி சூடேறி இலை கருகிவிடும். கருகிய பிறகு கியூபா இலையும் கசக்கத்தான் செய்யும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். ரொபஸ்டோ என்பது சுருட்டின் அளவுப் பெயர், 124 மில்லிமீட்டர் நீளம். அதை முடிக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக வேண்டும்.

அடுத்த முறை பற்றவைக்கும் முன்பே ஆரம்பியுங்கள். முனையை வெட்டி, நெருப்பில்லாமல் ஒரு இழுப்பு. வைக்கோல், உலர் திராட்சை, பென்சில் சீவிய மரவாசனை ஏதாவது வரும். காற்றே வரவில்லை என்றால் சுற்றியவர் இலையை இறுக்கிவிட்டார் என்று பொருள். அம்மோனியா நெடி அடித்தால் இலை இன்னும் சரியாகப் பதப்படவில்லை. சில மாதங்கள் விட்டுவைக்கலாம்.

பற்றவைத்த பின் புகையை வாயிலேயே வையுங்கள், நெஞ்சுக்குள் இழுக்க வேண்டாம். வெளியே விடும்போது கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுங்கள். முதலில் எரியும், அதனால் மிகக் கொஞ்சமாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு காபி குடித்தால் கசப்பு மட்டும்தானே தெரியும்? சுருட்டும் அப்படியே. கோகோவும் தேனும் மூக்கில்தான் தெரியும்.

உள்ளே இருக்கும் இலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. செடியின் அடியில் இருக்கும் இலை வோலாடோ: நன்றாக எரியும், ருசி குறைவு. நடு இலை செக்கோ, வாசனை அதில்தான். உச்சி இலை லிகேரோ. நிறைய வெயில் வாங்கியது, தடித்தது, காட்டமானது, மெதுவாக எரியும். அதனால் சுருட்டின் நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். கோஹிபாவுக்கு மட்டும் செக்கோவையும் லிகேரோவையும் மூன்றாவது முறையாகவும் நொதிக்க வைப்பார்கள். முரட்டுத்தனம் அடங்கிய ருசி அதனால் வருவது.

எரிய எரிய ருசி மாற வேண்டும். தொடக்கம், நடு, கடைசி என்று மனதில் பிரித்துக்கொண்டு கவனியுங்கள். எத்தனை ருசி தெரிந்தது என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புகையை விட்டு ஒரு நிமிடம் கழித்து வாயில் என்ன நிற்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பிடுவேன். சுத்தமான, லேசான இனிப்பு நின்றால் நல்ல சுருட்டு. சாம்பல் ருசி நின்றால், சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் சுமார்தான். அப்புறம், கோஹிபா பெயரில் போலிகள் நிறைய நடமாடுகின்றன. எந்தக் கடையில் வாங்கினார் என்று மைத்துனரிடம் கேளுங்கள்.

கேள்வி: சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்கிறார்களே? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சாம்பலின் நிறம் மண்ணிலுள்ள தாதுச்சத்தைப் பொறுத்தது. நல்ல கியூபா சுருட்டுகள் பலவற்றில் சாம்பல் நிறமே வரும். நிறத்தை விடுங்கள், நெருப்பு வட்டம் ஒரே சீராக இறங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: புகையை உள்ளே இழுப்பதில்லை. அப்படியானால் கெடுதல் இல்லைதானே? (சென்னை வாசகர்)

பதில்: இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது. சுருட்டுப் புகையின் நிகோடின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். வெறும் வயிற்றில் குடித்தவருக்குத் தலை சுற்றுவது அதனால்தான். இதுவரை தொடாதவரை நான் ஒருபோதும் தொடச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெட்டியாக வந்ததை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். ஃப்ரிட்ஜ் இலையை உலர்த்திவிடும், குழம்பு வாசனையையும் ஏற்றிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் காக்கும் பொட்டலம் ஒன்று போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வையுங்கள். 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் நல்லது. சூடு 25ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடும். சுருட்டில் குண்டூசி அளவு ஓட்டை தெரிந்தால் அதை உடனே தனியே எடுத்துவிட்டு, மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.