மெதுவாக ஓடினால்தான் கொழுப்பு கரையுமா? வேகமாக ஓடினால் எடை குறையாதா?

டிரெட்மில்லில் ஒட்டியிருக்கும் வண்ணப் படத்தைக் காட்டி உங்களையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குக் காட்டியவர் ஜிம் பயிற்சியாளர். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில், மூச்சு வாங்கினாலும் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டி மைனஸ் பொத்தானை டக்டக்கென்று தட்டி 6-க்குக் கொண்டுவந்துவிட்டார். தடுமாறிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். "ஃபேட் பர்னிங் ஸோனைத் தாண்டிட்டீங்க மேடம். இதுக்கு மேல ஓடினா கொழுப்பு கரையாது" என்றார், அந்தப் படத்தில் 'கொழுப்பு கரையும் இதயத்துடிப்பு' என்று குறித்திருந்த மஞ்சள் பட்டையில் விரலை வைத்து.

அதில் பாதி உண்மை இருக்கிறது. மெதுவாக ஓடும்போது செலவாகும் சக்தியில் கொழுப்பின் பங்கு அதிகம். வேகம் கூடக் கூட உடம்பு கார்போஹைட்ரேட் பக்கம் சாயும். ஆனால் பங்கு வேறு, அளவு வேறு. ஓடுவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, சுமார் 1 கலோரி ஆகும். வேகத்தால் இது பெரிதாக மாறாது. 70 கிலோ ஆள் அரை மணி நேரத்தில் 3.5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 245 கலோரி, 5 கிலோமீட்டர் ஓடினால் 350. முதல் ஓட்டத்தில் 60 சதவீதமும் இரண்டாவதில் 45 சதவீதமும் கொழுப்பிலிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்வோம். கொழுப்பிலிருந்து வந்தது முதலில் 147 கலோரி, இரண்டாவதில் 157. எங்கே போனது மஞ்சள் பட்டை?

அப்புறம், ஓடும் நேரத்தில் எது எரிந்தது என்பதோடு கணக்கு முடிவதில்லை. அப்போது கார்போஹைட்ரேட் செலவானால் மிச்ச நேரத்தில் உடம்பு கொழுப்பை அதிகம் எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. சாப்பிடுவதைவிடச் செலவு கூடினால்தான் அது இறங்கும், எந்த வேகமாக இருந்தாலும்.

உடனே, "அப்படியானால் எல்லாரும் தலைதெறிக்க ஓடணுமா?" என்று கிளம்பி வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. புதிதாக ஓடுபவர் வேகத்தைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார், முழங்காலும் கெஞ்சும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் அதிக தூரம் போகலாம், மறுநாளும் ஓடலாம். மெதுவாக ஓடுவதற்கு அதுதான் நல்ல காரணம். வேகமாக ஓடினால் பிறகும் மணிக்கணக்கில் கலோரி எரியும் என்பார்கள். எரியும்தான், ஆனால் கொஞ்சமாக.

ஆகவே உங்களிடம் நேரம் குறைவு, உடம்பும் பழகியிருக்கிறது என்றால் வேகத்தைக் கூட்டுங்கள். இல்லையென்றால் தூரத்தைக் கூட்டுங்கள்.

சொல்லப்போனால், என் பொத்தானைத் தட்டிய அதே ஆள், பக்கத்து மிஷினில் துண்டைப் போட்டு இடம்பிடித்துவிட்டு ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவரை ஒன்றுமே கேட்கவில்லை. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அதற்கெல்லாம் எந்த ஸோனும் கிடையாது போல.

டிரெட்மில் திரையில் வரும் கலோரியையும் அப்படியே நம்ப வேண்டாம். கைப்பிடியில் பாதி எடையைச் சாய்த்துக்கொண்டு ஓடினாலும் அது அதே எண்ணைத்தான் காட்டும்.