நீரிழிவு உள்ள குடும்பத்தில் பிறந்தவர் மரபணுச் சோதனை செய்து உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

தந்தைக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை நோய் இருப்பதால், மரபணுச் சோதனை செய்து உங்களுக்கேற்ற உடற்பயிற்சியைக் கண்டறிந்தால் நோயைத் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெற்றோர் இருவருக்கும் அந்நோய் உண்டு. ஆகவே இக்கேள்வி எனக்கும் சொந்தமானது. அந்தச் சோதனைக்கு இப்போதைக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே, ஆய்வுகளைப் படித்தபின் நான் வந்தடைந்த முடிவு.

பயிற்சியின் பலனில் மரபுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆய்வாளர் குளோது பூஷார் தலைமையிலான ஹெரிட்டேஜ் குடும்ப ஆய்வில் அனைவருக்கும் 20 வாரங்கள் ஒரே முறையில் பயிற்சி அளித்தபோது, உடற்தகுதியின் அளவுகோலான உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு சிலருக்கு ஏறக்குறைய உயரவேயில்லை; சிலருக்கோ நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் உயர்ந்தது. இவ்வேறுபாட்டில் அதிகபட்சம் 47 சதவீதம் வரை பரம்பரை வழிப்பட்டதாக இருக்கலாம் என்று 1999இல் கணித்தார்கள். ஆனால் பலன் கிட்டாதவர் என்று எவரையும் ஒதுக்கிவிட முடியாது: மொன்டேரோ, லுண்ட்பி ஆகியோரின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு வாரப் பயிற்சியில் முன்னேற்றம் காணாதவர்களுக்கு வாரத்துக்கு 120 நிமிடங்கள் கூட்டி மேலும் ஆறு வாரங்கள் பயிற்சி அளித்தபோது அவர்கள் அனைவருமே முன்னேறினர்.

நீரிழிவைப் பொறுத்தவரை இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபடும்படி வழிநடத்தப்பட்ட குழுவில் நோய் 58 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் கலந்துகொண்டவர்களின் நீரிழிவு அபாயத்துடன் தொடர்புடைய டிசிஎஃப்7எல்2 மரபணுவைப் பின்னர் பரிசோதித்தபோது, அபாய வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு உரிய கூடுதல் ஆபத்து, வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவில் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆக, மரபணு எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நோயை 28.5 சதவீதம் குறைத்தது. அதில் நாள்தோறும் அரை மணி நேர விறுவிறுப்பான நடை பரிந்துரைக்கப்பட்டது; ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் அதையே தொடருமாறு கூறினார்கள். ஒருவரின் அன்றாட வாழ்வை அறிந்து தரும் இத்தகைய ஆலோசனையையே தனிப்பயன் ஆலோசனை என்று நான் கருதுகிறேன். நீங்களும் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் தொடங்கி, மூன்று மாதங்கள் பயிற்சி செய்து, மீண்டும் அளந்து, மருத்துவருடன் பேசிப் பயிற்சியின் அளவைக் கூட்டுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் வலியுறுத்துகிறேன். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், கடும் பயிற்சியைத் தொடங்குமுன் இதயநோய் நிபுணரைப் பாருங்கள். பரம்பரை இதயத்தசை நோய்கள் சிலவற்றில் நெடுநேரக் கடும் பயிற்சியே நோயை விரைவுபடுத்தக்கூடும். அங்கு மரபணுச் சோதனை உயிர்காக்கக்கூடும்.