அமெரிக்க பப்ளிக் ஸ்கூல்ல டீச்சர்ஸ் ஏன் நிலைச்சு நிக்கறதில்ல? உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

வணக்கம். நார்த் கரோலினால 11 வருஷம் பப்ளிக் ஸ்கூல்ல, அதாவது அரசாங்க ஸ்கூல்ல, பாடம் எடுத்தேன், இப்போ டீச்சர்ஸ் ஏன் வேலையை விட்டுட்டு போறாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன்.

கேள்வி: அக்கா, என் பையன் ஸ்கூல்ல பாதிக்கு மேல பிளாக், ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழி வந்த) பசங்க, டீச்சர்ஸ் மட்டும் எல்லாரும் வெள்ளைக்காரங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தானா?

பதில்: பெரும்பாலும் இப்படித்தான். 2020-21 கணக்குப்படி 100 டீச்சர்ல சுமார் 80 பேர் வெள்ளைக்காரங்க, ஹிஸ்பானிக் 9, பிளாக் 6. ஆனா பசங்கள்ல வெள்ளைக்காரங்க பாதிக்கும் கீழ வந்தாச்சு. பிளாக் ஆம்பளை டீச்சர்னு தேடினா 100க்கு ரெண்டு பேர் கூட தேறாது.

கேள்வி: நல்லா சொல்லிக் கொடுத்தா போதாதா மேடம்? யாரா இருந்தா என்ன?

பதில்: நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். 1985ல டென்னசில ஸ்டார்னு ஒரு பெரிய சோதனை ஆரம்பிச்சாங்க, வகுப்புல பசங்க எண்ணிக்கையை குறைச்சா படிப்பு ஏறுதான்னு பாக்கறதுக்கு, அதுக்காக சீட்டு குலுக்கற மாதிரி எந்தப் பிள்ளை எந்த டீச்சர்கிட்டன்னு பிரிச்சுப் போட்டாங்க. செத் கெர்ஷன்சன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் அந்தப் பிள்ளைங்க வளர்ந்த பிறகு தேடிப் பாத்தாங்க. மூணாம் வகுப்பு முடியறதுக்குள்ள ஒரு பிளாக் டீச்சர்கிட்டயாவது படிச்ச பிளாக் பசங்க, அப்படி படிக்காத பிளாக் பசங்களை விட ஹைஸ்கூல் முடிக்கறது 13%, காலேஜ் சேர்றது 19% அதிகம். ஒரே ஒரு டீச்சர்!

இன்னொரு ஆய்வுல, ஒரே பிளாக் பிள்ளையைப் பத்தி ரெண்டு டீச்சர்கிட்ட இவன் காலேஜ் முடிப்பானான்னு கேட்டாங்க. முடிப்பான்னு சொல்றதுல பிளாக் டீச்சரை விட மத்தவங்க 30% கம்மி. பிள்ளை ஒண்ணுதான், பாக்கற கண்ணு வேற.

கேள்வி: அப்புறம் ஏன் பிளாக் டீச்சர்ஸ் இவ்ளோ கம்மியா இருக்காங்க?

பதில்: இருந்தாங்க, வெளிய அனுப்பிட்டாங்க. 1954ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட பிரவுன் தீர்ப்பு வந்து நிறம் பாத்து ஸ்கூல் பிரிக்கக் கூடாதுன்னு ஆச்சு, ஆனா பிளாக் ஸ்கூலை மூடிட்டு பசங்களை மட்டும் வெள்ளைக்காரங்க ஸ்கூல்ல சேர்த்துக்கிட்டு டீச்சர்ஸை விட்டுட்டாங்க. 1965 வரைக்கும் தெற்கையும் அதை ஒட்டியும் இருக்கற 17 மாநிலத்துல சுமார் 38,000 பிளாக் டீச்சர், பிரின்சிபால்களுக்கு வேலை போச்சு. 2005ல கத்ரினா புயலுக்கு அப்புறம் நியூ ஆர்லியன்ஸ்ல 7,000க்கும் மேல ஸ்கூல் ஊழியர்களை வேலையை விட்டு நீக்கிட்டாங்க, அதுல இருந்த டீச்சர்ஸ்ல பெரும்பாலும் பிளாக். இதை யாரும் பசங்களுக்கு சொல்லித் தர்றதில்லங்கறது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

கேள்வி: சம்பளம் கூட்டினா நிப்பாங்களா?

பதில்: சம்பளம் கூட்டணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா டீச்சர்ஸ் வேலையை விடறதைப் பத்தி ஆராயற ரிச்சர்ட் இங்கர்சால் வருஷக்கணக்கா தேடினதுல தெரிஞ்சது வேற: 80கள் கடைசில இருந்து வெள்ளையர் அல்லாத டீச்சர்ஸ் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிட்டாங்க, அதாவது ஆள் சேர்க்கறது நடந்துச்சு, ஆனா வந்த வேகத்துல கிளம்பிடறாங்க. தங்க வகுப்புல எதை எப்படி நடத்தணும்னு முடிவு பண்ண அவங்களுக்கு உரிமை இல்ல, ஸ்கூல் முடிவுல அவங்க பேச்சு எடுபடலங்கறதுதான் பெரிய காரணம்.

நான் கண்ணால பாத்ததை சொல்றேன். பக்கத்து ரூம்ல ஒரு பிளாக் சார், கணக்கு டீச்சர். எந்த கிளாஸ்ல எந்த பிளாக் பையன் சத்தம் போட்டாலும் அவர் ரூமுக்குத்தான் அனுப்புவாங்க. கதவு பக்கத்துல அதுக்குன்னே ஒரு நீல சேர் போட்டு வச்சிருந்தார். ஃப்ரீ பீரியட்ல பேப்பர் திருத்த உக்காருவார், சேர்ல ஒருத்தன் வந்துடுவான், அவன்கிட்ட மெதுவா பேசிட்டிருக்கும்போதே பெல் அடிச்சிடும், லஞ்ச் டப்பா திறக்காமலே இருக்கும். நாலு வருஷம் இருந்தார். பாடத்திட்ட கமிட்டிக்கு ஒரு தடவை கூட கூப்பிடல. போன அன்னிக்கு அந்த சேர்ல ரெண்டு பசங்க சும்மாவே வந்து உக்காந்திருந்தாங்க.

கேள்வி: என் மனைவி இந்தியால எம்.எஸ்சி. முடிச்சிருக்காங்க, இங்க டீச்சராக சீக்கிர வழி ஏதாவது?

பதில்: தாராளமா வரச் சொல்லுங்க, ஏசியன் டீச்சர்ஸ் 100க்கு ரெண்டு மூணு பேர்தான். ஆனா நேரா வகுப்புல இறக்கி விடற குறுக்கு வழி வேண்டாம், அப்படி வந்தவங்கதான் அதிகம் விட்டுட்டு போறாங்க. ஒரு வருஷம் அனுபவசாலி டீச்சர் கூட நின்னு கத்துக்கற ரெசிடென்சி கிடைச்சா அதுல சேருங்க.

கேள்வி: பேரண்ட்ஸ் நாங்க என்ன பண்ணலாம்?

பதில்: உங்க ஊர் ஸ்கூல்களை நடத்தற ஸ்கூல் போர்டு மீட்டிங் போங்க. போன வருஷம் எத்தனை டீச்சர்ஸ் போனாங்க, அதுல யார் யார், போறப்ப ஏன்னு கேட்டீங்களா, இந்த மூணையும் கேளுங்க. பதில் வரலைன்னா அடுத்த மாசமும் போய் கேளுங்க.