கையில் ஒன்பது மாத்திரை

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். என் கணவருக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். இரண்டு ஆண்டுகளாக டசாடினிப் மாத்திரையால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. அவருடைய நிறுவனம் ஜனவரியில் காப்பீட்டை மாற்றியது. 'முதலில் இமாடினிப் சாப்பிட்டுப் பாருங்கள், அதையும் எங்கள் தபால் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும்' என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. தினம் ஒன்று வீதம் ஒன்பது மாத்திரைகளே மிச்சம். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கு இருக்கட்டும், ஒன்பது நாளில் எந்த நீதிமன்றமும் மாத்திரை தராது.

உங்களுக்குக் கடிதம் எழுதியது பி.பி.எம். என்னும் மருந்துப் பலன் மேலாளர். எந்த மருந்துக்கு, எந்தக் கடையில் பணம் தரலாம் என்று பார்க்கும் இடைத்தரகர். அமெரிக்க மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் மூன்று பெரிய பி.பி.எம்.களின் கையில் இருப்பதாக மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் சொன்னது. அந்தத் தபால் மருந்தகமும் அநேகமாக அவர்களுடையதே. ஆனால் கடைச் சண்டையில் இறங்காதீர்கள். காப்பீட்டுத் திட்ட ஆவணத்தில் அப்படி எழுதியிருந்தால் அசைப்பது கடினம். மருந்தை மாற்றச் சொல்வதை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்யுங்கள்.

புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே கடிதம் வாங்குங்கள். அதில் 'அவசரம்' என்ற சொல் பளிச்சென்று இருக்கவேண்டும். நோயாளியின் நிலை அறிந்த மருத்துவர் அவசரம் என்றால், திட்டம் அதை ஏற்று 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல் விட்டுப்போனால் 30 நாள் வரை இழுக்கலாம். விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மேல்முறையீடு ஃபேக்ஸில் போன நேரம் அச்சான தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்பதால் வெளி மறுஆய்வுக்கும், அதாவது திட்டத்தைச் சாராத நடுநிலையாளர்கள் பார்க்கும் ஆய்வுக்கும், கூடவே விண்ணப்பிக்கலாம். அந்த முடிவு திட்டத்தைக் கட்டுப்படுத்தும். இதற்கிடையே மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் இடைக்கால மாத்திரை கிடைக்குமா என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளர் விசாரிக்கட்டும்.

அடுத்து எச்.ஆரிடம் ஒரே கேள்வி: மருத்துவச் செலவுக்குக் காப்பீட்டு நிறுவனம் அல்லாமல், கணவர் வேலை செய்யும் நிறுவனமே தன் பணத்தைப் போடுகிறதா? ஆமென்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் போய்ப் பயனில்லை. ஊழியர் பலன் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமான எரிசா பொருந்தும், முறையிட வேண்டிய இடம் மத்தியத் தொழிலாளர் துறை. திட்ட ஆவணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் தராவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். இந்த எண்ணைக் கேட்டதும் எச்.ஆர். கொஞ்சம் வேகமாக நடக்கும்.

வழக்குக்கு வருகிறேன். எரிசா வழக்கில் நீதிபதி பெரும்பாலும் மேல்முறையீட்டில் வைத்த தாள்களையே பார்ப்பார். இரண்டு ஆண்டுப் பரிசோதனை முடிவுகளில் ஒன்றைக்கூட, பிறகு தரலாம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.