மூணு சீட்டில் கூட்டு ஆட்டம்: கேள்வி பதில்

(ஆறு பேர், எதிரெதிரே உட்காரும் மூன்று கூட்டு. ஆளுக்கு மூணு சீட்டு. காசு கிடையாது, கூட்டுக்கு 80 புளியங்கொட்டை, ஒரே குவியல். சீட்டுப் போடும் முன் கூட்டுக்கு 2 கொட்டை நடுவில்.)

திருமங்கலம்: அண்ணே, வழக்கமான மூணு சீட்டையே ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து ஆடினா என்ன கெட்டுப்போகுது?

நடுவில் உட்கார்ந்தவர் மாட்டிக்கொள்வார். கூட்டாளிகள் தனித்தனியாகப் பந்தயம் ஏற்றலாம் என்று விட்டால், இவர் ஏற்ற, அவர் மேலும் ஏற்ற, இடையில் இருப்பவர் நல்ல சீட்டையும் கவிழ்த்து விலக வேண்டியதுதான். அதனால் பந்தயம் கூட்டுக்குத்தான், சுற்றுக்கு ஒரு முறை. இந்தச் சுற்றில் ஒருவர் முடிவு சொன்னால் அடுத்த சுற்றில் மற்றவர். இல்லாவிட்டால் கெட்டிக்காரர் ஒருவரே ஆடுவார்.

வாடிப்பட்டி: ஒருத்தர் சீட்டைப் பார்த்துட்டு, கூட்டாளி பிளைண்டா, அதாவது சீட்டைப் பார்க்காம, இருந்தா கணக்கு எப்படி?

ஆட்டத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தனி ஆட்டத்தில் பார்த்தவர் பார்க்காதவரைப் போல இரு மடங்கு போடுவார். இங்கே மூன்று படி: இருவரும் பார்க்காவிட்டால் 1, ஒருவர் பார்த்தால் 2, இருவரும் பார்த்தால் 4. ஏற்ற விரும்பினால் அதில் இரு மடங்கு வரை. போட்டதை அவர்கள் படியால் வகுத்தால் அடுத்த கூட்டுக்கான அடிப்படை கிடைக்கும். இருவரும் பார்த்த கூட்டு 8 போட்டால் அடிப்படை 2. அடுத்து வரும் பிளைண்ட் கூட்டு 2 போட்டால் போதும்.

அடிப்படை 4க்கு மேல் போகக் கூடாது. அப்போதே இருவரும் பார்த்த கூட்டுக்குச் சுற்றுக்கு 16; 80 கொட்டை ஐந்து சுற்றுக்குக் காணாது. இரண்டு கூட்டு மிஞ்சினால்தான் ஷோ, அதாவது சீட்டைத் திறந்து ஒப்பிடுவது. நடுக்குவியல் 100 ஆனால் எல்லாரும் திறக்க வேண்டும். இந்த எல்லை இல்லாவிட்டால் மூன்று கூட்டும் பிளைண்டிலேயே இழுத்துக்கொண்டு போகும்.

மேலூர்: ஷோவுல ஆறு சீட்டையும் கலந்து நல்ல மூணை எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. ஆறு சீட்டில் மூன்று ஒரே கலராக, அதாவது ஒரே சின்னமாக, அமைவது நூற்றுக்கு 60. தனிக் கையில் அது 5தான். ஜோடி, கலர் போன்ற ரகங்களின் மதிப்பே போய்விடும். இரண்டு கையும் தனித்தனியாக இருக்கட்டும். பெரிய கை வெல்லும். ரகம் ஒன்றானால் கூட்டாளி கையின் ரகம், அதுவும் ஒன்றானால் பெரிய கையின் உச்சச் சீட்டு.

மூணு சீட்டில் அமையக்கூடிய 22,100 கைகளில் 16,440 ஜோடிகூடச் சேராத வெறும் சீட்டு, அதாவது நூற்றுக்கு 74. ஆனால் இரண்டு கையில் ஒன்றாவது ஜோடியோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய 45. தனி ஆட்டத்தில் தைரியம் தருகிற சின்ன ஜோடியை இங்கே நம்பி ஏற்றாதீர்கள்.

செல்லூர்: சாடை காட்டுறதை எப்படித் தடுக்குறது?

முழுக்கத் தடுக்க முடியாது. ஒரு சாடையை விதியாகவே வைத்துவிடுங்கள்: பார்த்தவர் தன் சீட்டின் மேல் ஒரு கொட்டை வைத்தால் ‘ஜோடி அல்லது மேல்’ என்று பொருள். பொய்யாகவும் வைக்கலாம், ஆனால் கூட்டாளியும் சேர்ந்து ஏமாறுவார். அந்தக் கொட்டை நடுவுக்குப் போய்விடும். செருமல், கண் ஜாடை பிடிபட்டால் அந்தக் கூட்டின் இரு கையும் கவிழ்ப்பு.

உசிலம்பட்டி: பொங்கலுக்குச் சின்னக் காசு வெச்சு ஆடலாமா சார்?

வேண்டாம். 1930ஆம் வருடச் சூதாட்டச் சட்டம் நம் பக்கமும் செல்லும். ரம்மிக்குத் திறமை வேண்டும் என்று 1967ல் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் மூணு சீட்டை முழுக்க அதிர்ஷ்ட ஆட்டமாகவே பிரித்துக் காட்டியது. கூட்டுச் சேர்த்து ஆடுவதால் அது மாறிவிடாது. கொட்டைக்குப் பதில் காசு மாற்றுவதும் அதே கணக்குத்தான்.

தெப்பக்குளம்: எட்டுப் பேர் இருந்தா?

நாலு கூட்டு, 24 சீட்டு. ஒரே கட்டு போதும். நடுக்குவியல் எல்லையை மட்டும் 130 ஆக்கிக்கொள்ளுங்கள்.