பயாஸ் புரோகிராமர் முதல் பை சார்ஜர் வரை: வாங்கும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸின் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது லேப்டாப் அணைந்துவிட்டது. இப்போது பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு சிப்பில் நேரடியாக எழுதும் கருவியான, சிஎச்341ஏ என்ற கறுப்பு நிற புரோகிராமரை கிளிப்போடு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் காசு செலவில்லாத வழியைப் பார்த்துவிடுங்கள். எச்பி லேப்டாப் என்றால் அதன் பயாஸ் ஃபைலை வேறொரு கணினியில் இறக்கி, அந்த நிறுவனத்தின் கருவியாலேயே ஃபேட்32 பென் டிரைவில் மீட்பு வட்டாகப் போட்டுச் செருகுங்கள். விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்துங்கள். பட்டனை விட்ட பிறகும் விசைகளை விடாதீர்கள். டெல் என்றால் கண்ட்ரோலையும் எஸ்கேப்பையும் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். இந்த வசதி எல்லா மாடலிலும் இல்லை. ஆனால் இருப்பதை முயன்று பார்க்காமல் மதர்போர்டுக்குப் பணம் கட்டக் கூடாது.

அது நடக்கவில்லை என்றால் பயாஸ் இருக்கும் சிப்பில் நேரடியாக எழுதுவதுதான் வழி. அதற்கு அந்தக் கறுப்பு போர்டை வாங்கியபடியே பயன்படுத்தாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் 3.3 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். மல்டிமீட்டரை கிளிப்பின் 8-ஆம், 4-ஆம் கால்களில் வைத்தாலும் 3.3 தான் காட்டும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புரோகிராமர் போர்டில் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் பயாஸ் சிப்புக்கு மட்டும் 3.3 தருகிறது. சிஎச்341ஏ சிப் யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலேயே ஓடுவதால், அதிலிருந்து புறப்படும் சிக்னல் கம்பிகளிலும் 5 வோல்ட் வருகிறது. சந்தேகமிருந்தால் அந்தச் சிப்பின் 28-ஆம் காலை அளந்து பாருங்கள்.

‘நான் எழுதினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று பலர் சொல்வார்கள். பயாஸ் சிப் பல நேரம் தாங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சிப்பைக் கழற்றாமல் மதர்போர்டிலேயே கிளிப்பை மாட்டும்போது அதே கம்பிகள் மதர்போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டுக்கும் போகின்றன. பயாஸ் சிப் போனால் மலிவாக வேறு வாங்கலாம். சிப்செட் போனால் உண்மையிலேயே மதர்போர்டைத்தான் மாற்ற வேண்டும்.

நுண்ணிய சால்டரிங் கைவந்தவர்கள் சிஎச்341ஏ சிப்பின் 28-ஆம் காலைத் தூக்கி, அதையும் 9-ஆம் காலையும் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட் முனையோடு இணைத்துச் சரிசெய்யலாம். மற்றவர்கள் 1.8, 2.5, 3.3, 5 என்று வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள பச்சை நிற 1.7 பதிப்பை வாங்குங்கள்.

வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி இருந்தால் புரோகிராமரே தேவையில்லை. அதன் சிக்னல் 3.3 வோல்ட்தான். பை-யின் 24-ஆம் பின்னை சிப்பின் 1-க்கும், 21-ஐ 2-க்கும், 25-ஐ 4-க்கும், 19-ஐ 5-க்கும், 23-ஐ 6-க்கும், 17-ஐ 8-க்கும் இணையுங்கள். சிப்பின் 3, 7 கால்கள் 3.3 வோல்ட்டுக்குப் போக வேண்டும். பை-யின் அமைப்புகளில் எஸ்பிஐ என்ற, சிப்போடு பேசும் இணைப்பை இயக்கிவிட்டு, சிப்பைப் படித்து எழுதும் ஃப்ளாஷ்ராம் மென்பொருளை ஓட்டினால் போதும். வயர் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் படிப்பதில் பிழை வரலாம். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

எதையும் மாட்டும் முன் சிப்பின் முதுகில் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். வின்பாண்ட் சிப்பில் கடைசி எழுத்துகள் எஃப்வி, ஜேவி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8 வோல்ட். மேக்ரானிக்ஸில் 25எல் என்பது 3.3, 25யு என்பது 1.8. புதிய லேப்டாப்கள் பலவற்றில் 1.8 தான் இருக்கிறது. அதில் 3.3 கொடுத்தால் சிப் போய்விடும். வேறு நிறுவனச் சிப் என்றால் அதன் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

சார்ஜர், பேட்டரி, சின்ன சீமாஸ் பேட்டரி மூன்றையும் கழற்றிவிட்டு கிளிப்பை மாட்டுங்கள். சிப்பில் புள்ளி வைத்த மூலைதான் 1-ஆம் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அங்கே வர வேண்டும். முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டு முறை படித்து, இரு ஃபைல்களின் ஷா256 மதிப்பும் (ஃபைலின் கைரேகை போன்றது) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 8 எம்பி சிப்பின் ஃபைல் சரியாக 83,88,608 பைட் இருக்கும். உள்ளே முழுக்க எஃப்எஃப் என்றே இருந்தால் பெரும்பாலும் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. மலிவு கிளிப்புகளின் பெரிய குறை இதுதான். பொமோனா 5250 கிளிப்பின் விலை கூடுதல், ஆனால் பிடி நழுவாது.

கெட்டுப்போயிருந்தாலும் அந்த முதல் ஃபைலை அழிக்காதீர்கள். உங்கள் சீரியல் எண், விண்டோஸ் உரிமச் சாவி, லேன் முகவரி போன்றவை அதற்குள்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் இன்னொருவருடைய முழு ஃபைலை அப்படியே எழுதினால் லேப்டாப் உயிர் பெறலாம், ஆனால் அடையாளம் அவருடையதாகிவிடும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தாலும், ‘சிப்பிலிருந்து முதலில் படித்த என் பழைய டம்ப் ஃபைலும் வேண்டும்’ என்று கேட்டு வாங்குங்கள். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதும் அது கேட்கக்கூடும்.

கேள்வி: ராஸ்பெரி பை 5 வாங்கினேன். லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜரில் போட்டால், மின்சாரம் போதாது என்று சொல்கிறது. யுஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக மறுக்கிறது. 27 வாட் சார்ஜர் தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: எஸ்எஸ்டி மாட்டப்போகிறீர்கள் என்றால், ஆம். 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். பை 5 எடுத்துக்கொள்வது 5 வோல்ட் மட்டுமே. அந்த 5 வோல்ட்டில் பெரும்பாலான சார்ஜர்கள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். உடனே பை தன் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர் என்று கட்டுப்படுத்திவிடுகிறது. 5 ஆம்பியர் கிடைத்தால் அது 1.6 ஆம்பியர் ஆகும். கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்து இந்தத் தடையை நீக்கலாம் என்று சொல்வார்கள். நீக்கலாம்தான், ஆனால் அந்த வரி சார்ஜரின் திறனைக் கூட்டாது. எழுதிக்கொண்டிருக்கும்போது எஸ்எஸ்டியின் இணைப்பு அறுந்து ஃபைல் சிஸ்டம் கெடலாம்.

கடையில் பெட்டியின் முன்பக்கத்து வாட் எண்ணை விட்டுவிட்டு, சார்ஜரின் லேபிளில் ‘5.1 வோல்ட், 5 ஆம்பியர்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டு, மவுஸ், மெமரி கார்டு மட்டும் போதும் என்பவர்கள் நல்ல 3 ஆம்பியர் சார்ஜரிலேயே ஓட்டலாம்.

கேள்வி: மென்பொருள் கெட்டுச் செங்கல்லாகிப்போன ரவுட்டரை சீரியல் வழியாக மீட்க எந்த யுஎஸ்பி கேபிள் வாங்குவது?

பதில்: ஒன்பது பின் கொண்ட ஆர்எஸ்232 கேபிளை வாங்காதீர்கள், அதன் வோல்ட் ரவுட்டரைக் கொன்றுவிடும். கேட்க வேண்டியது யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர். 3.3, 5 என்று மாற்ற ஜம்பர் இருந்தால் 3.3-இல் வையுங்கள். அதில் சிஎச்340, சிபி2102 எந்தச் சிப் இருந்தாலும் போதும். பழைய பிஎல்2303 சிப் வேண்டாம். புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்க மறுக்கும்.

முதலில் கிரவுண்டை இணையுங்கள். பிறகு ஒன்றின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) மற்றதன் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை) போகட்டும். நான்காவது வயரான விசிசியை விட்டுவிடுங்கள்; ரவுட்டருக்கு அதன் சொந்த அடாப்டரே மின்சாரம் தரட்டும். வேகத்தை 1,15,200 என்று வைத்துப் பாருங்கள். கிறுக்கலாக எழுத்து வந்தால் 57,600-க்கு மாற்றுங்கள். எதுவுமே வராவிட்டால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வயர்களை இடம் மாற்றிப் போடுங்கள்.