புது டிவியில் பழைய படம் சீரியல் மாதிரி தெரிகிறதா?

வணக்கம். புது டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் சீரியல் மாதிரி இருக்கிறது, அம்மா பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். டிவியில் பழுது இல்லை, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பேசும்படக் காலத்திலிருந்தே சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம்தான், அதாவது 24 தனித்தனிப் படங்கள். புது டிவிகள் இடையில் தாங்களாகவே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகி அசைவை வழவழப்பாக்கிவிடும். கிரிக்கெட்டுக்கு அது சரி. சினிமாவில் அந்த மெல்லிய துடிப்பு போய்விட்டால் ஏதோ ஒத்திகை பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் அம்மாவின் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

பிக்சர் செட்டிங்ஸுக்குப் போங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டுகிற ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதை வைத்தாலே போதும்.

எங்கள் வீட்டில் அதை அணைத்த அன்று, கதாநாயகி மெல்லத் திரும்பிப் பார்க்கிற ஒரு காட்சி. அப்பா காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மேலே ஆடை கட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த அரை நிமிடத்துக்காகத்தானே படம் பார்க்கிறோம்!

அப்புறம், பல டிவிகளில் செட்டாப் பாக்ஸுக்கும் ஆப்புக்கும் செட்டிங் தனித்தனி. இரண்டிலும் மாற்றிவிட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள்.